எல்ஓடி சரியாக இருக்கிறது, ஆனால் ஒரே ரன்னில் ஸ்டிக்கிங்கும் கேப்பிங்கும்: கன்டினியூவஸ் வெட் கிரானுலேஷனில் எங்கே தேடுவது?

குருணைக்காரர்

வணக்கம். ஹை ஷியர் மிக்சரில் பேட்ச் பேட்சாகப் பல காலமாக ஓடிய ஒரு மாத்திரையைக் கன்டினியூவஸ் லைனுக்கு, அதாவது ஒரு முனையில் பவுடர் போய் மறுமுனையில் மாத்திரை நிற்காமல் வரும் லைனுக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறோம். இரண்டிலும் வெட் கிரானுலேஷன்தான்: பவுடரை நனைத்துக் குருணையாக்குவது. ஒரு புதிர் அவிழ மாட்டேன் என்கிறது. ட்வின் ஸ்குரூவோடு பழகியவர்கள் இங்கே இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

லைன் இப்படி: லாஸ்-இன்-வெயிட் ஃபீடர் (எடை குறைவதை அளந்து பவுடர் போடுவது), 25 மி.மீ. ட்வின் ஸ்குரூ கிரானுலேட்டர் (பேரலுக்குள் இரட்டைத் திருகு சுழன்று குருணையாக்குவது), ஆறு செல் (தனித்தனி அறை) கொண்ட ஃப்ளூயிட் பெட் டிரையர் (சூடான காற்றில் குருணையை மிதக்கவிட்டு உலர்த்துவது), மில், பிளெண்டர், மாத்திரை அழுத்தும் பிரஸ். மணிக்கு 20 கிலோ பவுடர் போகிறது. பவுடருக்குத் தண்ணீர் விகிதம் 0.2. லாக்டோஸ் மோனோஹைட்ரேட், மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ், பைண்டராக, அதாவது துகள்களை ஒட்டவைக்க, பிவிபி. பிவிபியைப் பவுடராகவே கலவையில் போட்டுவிடுகிறோம், பம்ப்பில் வெறும் தண்ணீர்தான். டிரையரில் ஒரு செல் நிரம்ப 180 விநாடி. மாத்திரை எடை 250 மி.கி.

மில்லுக்குப் பிறகு எடுக்கும் சாம்பிளில் எல்ஓடி (உலர்த்தும்போது குறையும் எடை, அதாவது ஈர அளவு) எப்போதும் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது, லிமிட்டுக்கு நட்டநடுவில். அப்படியிருந்தும் பிரஸ்ஸில் கொஞ்ச நேரம் மாத்திரையை அழுத்தும் பஞ்ச் முகத்தில் பவுடர் ஒட்டுகிறது (ஸ்டிக்கிங்). அப்புறம் அதே ரன்னில் மாத்திரையின் மேல்பகுதி கழன்று வருகிறது (கேப்பிங்). ஒட்டினால் ஈரம் கூடுதல், கழன்றால் உலர்வு கூடுதல் என்றுதானே படித்திருக்கிறோம்? இரண்டும் ஒரே பேட்சில் எப்படி வரும்? ஹை ஷியரில் இதே ஃபார்முலா இப்படிப் படுத்தியதே இல்லை.

எந்த முனையிலிருந்து பிடிப்பது என்று சொல்லுங்கள்.

திருகுதடம்

கிரானுலேட்டரிலிருந்தே தொடங்குங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் டார்க், அதாவது ஸ்குரூவைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை. லைன் கிளம்பிய பிறகு டார்க் எப்போது நிலைக்கு வருகிறது? பேரல் உராய்வில் சூடாகும், ஸ்குரூவின் மேல் ஒரு படலம் படியும், அது ஒரு அளவுக்கு வந்து நிற்கும் வரை டார்க் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வரும் குருணையும் நிலையான ஓட்டத்தில் வரும் குருணையும் ஒன்றல்ல.

அடுத்தது பம்ப். பெரிஸ்டால்டிக் பம்ப் என்றால் ரோலர் ஒவ்வொன்றும் தாண்டும்போது தண்ணீர் துடித்துத் துடித்துத்தான் வரும். ஹை ஷியரில் கலவைக்குப் பல நிமிடம் கிடைப்பதால் இது தெரியாது. இங்கே ஒரு துகள் பேரலுக்குள் இருப்பதே ஏறக்குறைய 5 முதல் 20 விநாடிதான். துடிப்பு மெதுவாக இருந்தால் அது அப்படியே குருணையில் பதிந்துவிடும். பம்ப் வேகமாகச் சுழலும்படி சின்ன ட்யூபும், ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒன்றாக இரண்டு நாசிலும் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது, ஃபீடர் ரீஃபில். ஹாப்பரில் பவுடர் கொட்டும் அந்தச் சில விநாடிகள் எடைக் கணக்கு நம்பத்தக்கதல்ல. கன்ட்ரோலர் கண்ணை மூடிக்கொண்டு பழைய ஸ்குரூ வேகத்திலேயே ஓட்டும். அடியில் இருக்கும் பவுடர் மேலே விழுந்த எடையில் இறுகி, அடர்த்தி கூடி, அதே வேகத்தில் அதிக எடை வெளியே போகும். பவுடர் கூடினால் தண்ணீர் விகிதம் இறங்கும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ரீஃபில் செய்வது நல்லது.

ஸ்குரூ அமைப்பு என்ன? நீடிங் எலிமெண்ட் (பொருளைப் பிசையும் பகுதி) எத்தனை?

குருணைக்காரர்

நன்றி சார். டார்க் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நிலைக்கு வந்து அப்படியே நிற்கிறது. அதற்கு முந்தைய பொருளை ஒதுக்கிவிடுகிறோம். பம்ப் நாசில் இரண்டு. ரீஃபில் நேரங்களையும் பிரஸ் பிரச்சினை வந்த நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

நீடிங் ஒரே பிளாக், 60 டிகிரி ஆஃப்செட்டில் ஆறு டிஸ்க். மற்றதெல்லாம் கன்வேயிங், பொருளை முன்னே தள்ளுவது மட்டும். சல்லடையில் போட்டால் இரண்டு மேடு தெரிகிறது: ஒரு பக்கம் ஃபைன்ஸ் (நுண்பொடி), மறுபக்கம் 1.5 மி.மீ.க்கு மேல் கட்டி கட்டியாக. நடுவில் மெலிவு.

ஆறாவது_செல்

இந்தக் கடைசி இரண்டு வரியில்தான் உங்கள் விடை இருக்கிறது. கிரானுலேட்டர் இந்த இரட்டை மேட்டைக் கொடுக்கிறது, டிரையர் அதை ஈரப்பதப் பிரச்சினையாக மாற்றுகிறது. எல்லோரும் ட்வின் ஸ்குரூவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த லைனில் பொருள் அதிக நேரம் இருப்பது டிரையரில்தான், மிக அதிகமாக மாறுவதும் அங்கேதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோ என்றால் விநாடிக்கு சுமார் 5.6 கிராம். 180 விநாடியில் ஒரு செல்லில் ஒரு கிலோ. ஆறு செல்லும் ஒரு சுற்று வர 18 நிமிடம். ஒரு செல் நிரம்பி முடிந்ததிலிருந்து மறுபடி அதன் முறை வரும் வரை 900 விநாடி. அதில் செல்லைக் காலி செய்யும் நேரம் போக மீதிதான் உலரும் நேரம்.

இப்போது அந்தச் செல்லுக்குள் முதலில் விழுந்த குருணையையும் கடைசியில் விழுந்த குருணையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே வெளியே போகின்றன. ஆனால் முதலாவது 180 விநாடி அதிகமாகச் சூடான காற்றில் இருந்திருக்கிறது. ஏதோ தவறு நடந்து இப்படி ஆவதல்ல, செல் முறை டிரையரின் அமைப்பே அதுதான். எத்தனை நன்றாக ஓட்டினாலும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 180 விநாடி வித்தியாசம் இருந்தே தீரும்.

அளவு வேறுபாடு இதன் மேல் ஏறிக்கொள்கிறது. உலர்தலின் முதல் கட்டத்தில் குருணையின் மேற்பரப்பு நனைந்தே இருக்கும். காற்று கொடுக்கும் வெப்பம் முழுக்க நீரை ஆவியாக்கவே போகும், குருணையின் வெப்பநிலை உள்ளே வரும் காற்றைவிட வெகு கீழே, வெட் பல்ப் அளவில், அதாவது நனைந்த பரப்பு ஆவியாதலால் குளிர்ந்து நிற்கும் வெப்பநிலையில், நிற்கும். மேற்பரப்பு நீர் தீர்ந்ததும் அடுத்த கட்டம். உள்ளே இருக்கும் நீர் நுண்துளை வழியாக வெளியே வந்தாக வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது அப்போது காற்றல்ல, குருணையின் பருமன். உள்ளிருந்து நீர் ஊர்ந்து வருவதுதான் ஒரே தடை என்று வைத்துக்கொண்டால் உலரும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகும்: 0.5 மி.மீ. குருணையோடு ஒப்பிட்டால் 2 மி.மீ. கட்டிக்குப் 16 மடங்கு. நடைமுறையில் அவ்வளவு வராது, மேற்பரப்புத் தடையும் சேர்ந்தே இருக்கும். ஆனாலும் பல மடங்கு என்பதில் சந்தேகமில்லை.

ஆக, செல்லில் முதலில் விழுந்த ஃபைன்ஸ் எலும்பாகக் காய்ந்திருக்கும். கடைசியில் விழுந்த கட்டியின் வயிற்றில் நீர் அப்படியே இருக்கும். மில் அந்தக் கட்டியை உடைத்ததும் ஈரமான உள்பகுதி வெளியே வருகிறது. நீங்கள் எல்ஓடிக்கு எடுக்கும் சில கிராமில் இரண்டும் கலந்திருக்கும். 2 சதவீதம் வரும். அந்த 2 சதவீத ஈரத்தோடு ஒரு குருணைகூட அந்தச் சாம்பிளில் இல்லாமல் இருக்கலாம்.

செய்ய வேண்டியது: மில்லுக்கு முன்னால் ஒரே ஒரு செல்லின் பொருளை எடுங்கள். சல்லடையில் மூன்று நான்கு பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாக எல்ஓடி. மூடி போட்ட பாத்திரத்தில், வேகமாக. திறந்து வைத்துச் சலித்துக்கொண்டிருந்தால் பங்குகளின் ஈரம் மாறிவிடும்.

பழைய_பேட்ச்

ஆறாவது_செல் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: இவ்வளவு தலைவலி எதற்கு? ஹை ஷியரும் ஃப்ளூயிட் பெட்டும் சேர்ந்து இந்த மாத்திரையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தன. கன்டினியூவஸ் லைனில் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நிலைக்கு வரும் வரை பொருள் வீண். ஃபார்முலா மாற்றினால் ஃபீடர் முதல் பிரஸ் வரை அத்தனையும் பிரித்துக் கழுவ வேண்டும். வருஷத்துக்கு நாலைந்து தடவை, சின்னச் சின்ன அளவில் ஓடும் மாத்திரைக்கு இது கட்டுப்படியாகாது. இதை நான் பிடிவாதத்தில் சொல்லவில்லை. எந்த மாத்திரைக்கு இது தேவை என்று முதலில் கேட்க வேண்டும்.

மாணவி_எம்ஃபார்ம்

நானும் இதைத்தான் கேட்க வந்தேன். வகுப்பில் கன்டினியூவஸ்தான் எதிர்காலம் என்று சொல்கிறார்கள். அப்படியென்றால் இதுவரை சந்தைக்கு வந்தவை எவை? வெட் கிரானுலேஷன் வழியாக ஏதாவது வந்திருக்கிறதா?

தரக்கண்

வந்திருக்கிறது. 2015 ஜூலையில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்த வெர்டெக்ஸின் ஆர்காம்பி கன்டினியூவஸ் முறையில் தயாராகும் மாத்திரை, அதில் வெட் கிரானுலேஷன் உண்டு. 2016 ஏப்ரலில் ஜான்சென் நிறுவனத்தின் பிரெசிஸ்டாவைப் பேட்ச் முறையிலிருந்து கன்டினியூவஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. அனுமதி பெற்ற மாத்திரையை இப்படி மாற்றியதற்கு அதுதான் முதல் உதாரணம், உங்கள் கேள்விக்கு அது முக்கியம். அதற்கெல்லாம் முன்பே 2004-ல் எஃப்டிஏ பிஏடி (தயாரிப்பு ஓடும்போதே அளந்து கட்டுப்படுத்துவது) வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. கன்டினியூவஸ் தயாரிப்புக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் க்யூ13 இறுதியானது 2022 நவம்பரில். எஃப்டிஏ அதை 2023 மார்ச்சில் தன் வழிகாட்டியாக வெளியிட்டது.

பழைய_பேட்ச் சார் கேட்டதற்கு: நீங்கள் சொன்ன சின்ன அளவு மாத்திரை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் ஸ்கேல்-அப்பை யோசியுங்கள். 10 லிட்டர் பாத்திரத்தில் பிடித்த எண்டு பாயிண்டை (நனைத்துக் கலப்பதை நிறுத்த வேண்டிய கட்டம்) 600 லிட்டரில் மறுபடி பிடிக்க எத்தனை பேட்ச் போகிறது? இங்கே அதே ஸ்குரூ, அதே வேகம், அதே விகிதம். அதிகம் வேண்டுமென்றால் அதிக நேரம் ஓட்டுவது. ஆராய்ச்சிக்கு ஓட்டிய இயந்திரமே உற்பத்திக்கும் ஓடும். மருந்துப் பொருள் விலை அதிகமாக, கிடைப்பது குறைவாக இருக்கும் ஆரம்ப கட்டத்தில் இது பெரிய விஷயம்.

பழைய_பேட்ச்

ஸ்கேல்-அப் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரையர் அந்த வாதத்துக்குள் அடங்குகிறதா? ஸ்குரூ பல மணி நேரம் ஒரே மாதிரி ஓடும். டிரையரில் ஃபில்டர் மெல்ல அடைபடும், சுவர் சூடேறும், காற்றின் ஈரம் மாறும். முதல் மணி நேரத்து டிரையரும் எட்டாவது மணி நேரத்து டிரையரும் ஒன்றுதான் என்று யாராவது காட்டியாக வேண்டும்.

ஆறாவது_செல்

மிகச் சரியான கேள்வி. காற்றின் ஈரத்தை மட்டும் கணக்கில் காட்டுகிறேன்.

20 கிலோவுக்கு 0.2 என்றால் மணிக்கு சுமார் 4 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். இந்த வெப்பநிலையில் கிலோவுக்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல். மொத்தம் 9,600, அதாவது 2.7 கிலோவாட். காற்று 60 டிகிரியில் உள்ளே போய் 35-ல் வெளியே வந்தால் ஒரு கிலோ காற்று கொடுப்பது 25 கிலோஜூல். ஆக மணிக்கு 400 கிலோவை ஒட்டிக் காற்று தேவை. சுவரில் இழக்கும் வெப்பம் தனி. அந்தக் காற்று கிலோவுக்கு 10 கிராம் நீரைச் சுமந்துகொண்டு போகிறது.

இப்போது உள்ளே வரும் காற்றின் பனிநிலை (டியூ பாயிண்ட், காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 5 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீர் கிலோவுக்கு 5 கிராம் சொச்சத்திலிருந்து 10 கிராம் சொச்சமாகிவிடும். நாம் சுமக்க வைப்பதே 10 கிராம்தான் என்னும்போது 5 கிராம் மாற்றம் சிறிதல்ல. முதல் கட்டத்தில் வெட் பல்ப் ஏறி வேகம் குறையும். கடைசிக் கட்டத்தில் குருணை எந்த ஈரத்தில் போய் நிற்கும் என்பதையும் அது நகர்த்தும், செல்லுலோஸ் இருக்கும் ஃபார்முலாவில் கூடுதலாகவே. அதனால் டீஹ்யூமிடிஃபையர் இல்லாத காற்றோடு இந்த டிரையரை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை மட்டும் பதிவு செய்துவிட்டுப் பனிநிலையை விட்டுவிடுகிற இடங்கள் உண்டு. அதில்தான் பாதி மர்மம் ஒளிந்திருக்கும்.

குருணைக்காரர்

சலித்துப் பார்த்துவிட்டேன். ஆறாவது_செல் சொன்னது அப்படியே வந்தது. ஒரே செல்லில் எடுத்த பொருளில் ஃபைன்ஸ் ஒரு சதவீதத்துக்கும் கீழே காய்ந்திருக்கிறது. பெரிய கட்டிகள் 4 சதவீதத்தைத் தாண்டுகின்றன. மொத்தமாக அளந்தால் 2. ஒரு கட்டியை ஸ்பாட்டுலாவால் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். மேலே வெளிர் வெள்ளை, நடுவில் நிறம் ஒரு படி அடர்ந்து, விரலால் அழுத்தினால் பொடியாகாமல் நசுங்குகிறது.

ஆனால் ஒன்று இன்னும் புரியவில்லை. ஹை ஷியரிலும் பெரியதும் சிறியதும் கலந்துதானே வரும்? அங்கே ஏன் பிரச்சினை இல்லை?

ஆய்வக_ஜன்னல்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பேட்ச் முறையில் குருணை உலர்ந்த பிறகு என்ன செய்வீர்கள்? மூடிய பின்னில் (கொள்கலனில்) வைத்துவிட்டு அடுத்த ஷிஃப்டிலோ மறுநாளோ கம்ப்ரஸ் செய்வீர்கள். அந்த நேரத்தில் ஈரமான கட்டியிலிருந்து நீராவி வெளியே வந்து காய்ந்த ஃபைன்ஸில் போய்ச் சேரும். பின்னுக்குள் எல்லாம் மெல்ல ஒரே நிலைக்கு வரும். அந்தச் சமப்படுத்தலை எந்த எஸ்ஓபியிலும் (செயல்முறைக் குறிப்பிலும்) ஒரு படியாக எழுதுவதில்லை, ஆனால் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. உங்கள் புது லைனில் டிரையரிலிருந்து பிரஸ்ஸுக்குச் சில நிமிடங்களில் பொருள் போய்விடுகிறது. சமப்பட நேரமே இல்லை.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. டிரையர் முடிந்த குருணையில் கொஞ்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை உடனே கம்ப்ரஸ் செய்யுங்கள், மறு பங்கை இறுக மூடி ஒரு நாள் வைத்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டிலும் மொத்த எல்ஓடி ஒன்றாகவே இருக்கும். பஞ்ச் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. என்ஐஆர் ப்ரோப் (அண்மை அகச்சிவப்பு ஒளியால் ஈரம் அளப்பது) வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதன் மாடலை எதை வைத்துக் கட்டினார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஃபார்முலாவில் லாக்டோஸ் மோனோஹைட்ரேட் இருக்கிறது. அதன் படிகத்துக்குள்ளேயே எடையில் 5 சதவீதம் நீர் கட்டுண்டு கிடக்கிறது. 105 டிகிரியில் எல்ஓடி எடுத்தால் அது பெரும்பாலும் வெளியே வராது. வேதிமுறையில் நீரை அளக்கும் கார்ல் ஃபிஷரில் முழுக்க வந்துவிடும். என்ஐஆரில் நீரின் வலுவான பட்டைகள் 1,450, 1,940 நானோமீட்டர் பக்கம் வரும், அந்தப் படிக நீரும் அதே பக்கத்தில்தான் தெரியும். எல்ஓடியை வைத்துக் கட்டிய மாடலுக்கும் கார்ல் ஃபிஷரை வைத்துக் கட்டிய மாடலுக்கும் இடையே நிரந்தரமான ஒரு இடைவெளி இருக்கும். லாக்டோஸ் அளவு நிலையாக இருக்கும் வரை பிழையில்லை. ஃபீடர் ஏறி இறங்கி லாக்டோஸ் விகிதம் மாறினால் என்ஐஆர் அதை ஈரம் மாறியதாகப் படிக்கக்கூடும்.

கூடவே, ப்ரோப் ஒளி குருணைக்குள் ஆழமாகப் போகாது. பிளந்து பார்த்தீர்களே, அந்த நடுப்பகுதி அதற்குத் தெரியாது. மேல்தோல் காய்ந்த கட்டியை அது காய்ந்ததாகவே சொல்லும். மில்லுக்கு முன்னால் ப்ரோப் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற கேள்விக்கு என் பதில் பின்னால்தான்.

மாணவி_எம்ஃபார்ம்

ஆய்வக_ஜன்னல் அக்கா, ஒரு சந்தேகம். நீர் படிகத்துக்குள் போய்வருவது மருந்துப் பொருளுக்கும் நடக்குமா?

ஆய்வக_ஜன்னல்

நடக்கும்மா. தியோஃபிலின் அன்ஹைட்ரஸை நனைத்தால் மோனோஹைட்ரேட்டாக மாறும், உலர்த்தும்போது திரும்பும். திரும்பும் வழியில் எந்த வடிவத்தில் போய் நிற்கிறது என்பது உலர்த்தும் விதத்தைப் பொறுத்தது. கார்பமசெபினுக்கு டைஹைட்ரேட் உண்டு. ட்வின் ஸ்குரூவில் நனையும் நேரம் சில விநாடிதான் என்பதால் மாற்றம் அரைகுறையாக நிற்கலாம். அது ஹை ஷியரில் கிடைத்த நிலையிலிருந்து வேறாக இருக்கலாம். கரைசல் வேகம் மாறினால் இதையும் பார்க்க வேண்டும். உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல தலைப்பு இது.

திருகுதடம்

சரி, காரணம் பிடிபட்டுவிட்டது. இனி சரிசெய்வதைப் பேசுவோம். செல் நிரம்பும் நேரத்தைக் குறைக்கலாமே என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: 180-ஐ 120 ஆக்கினால் செல்லுக்குள் வித்தியாசம் 120 விநாடியாகக் குறையும். ஆனால் மற்ற ஐந்து செல்லும் சேர்ந்து கொடுக்கும் நேரம் 900-லிருந்து 600 ஆகிவிடும். பெரிய கட்டி இன்னும் ஈரமாக வெளியே வரும். ஈடுகட்டக் காற்றை ஏற்றினால் குருணை ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து ஃபைன்ஸ் கூடும், ஃபில்டர் அடைக்கும். வெப்பத்தை ஏற்றினால் ஃபைன்ஸ் இன்னும் காயும். செல்லில் படுகை (குருணை அடுக்கு) மெலிவதும் ஒரு விஷயம்.

எனவே டிரையரை விட்டுவிட்டு, டிரையருக்குள் போவதைத் திருத்த வேண்டும். பரவலைக் குறுக்குங்கள்.

ஒரே நீடிங் பிளாக் வைத்திருக்கிறீர்கள். அதைத் தாண்டியதும் பொருள் நேராக வெளியே போகிறது. முதல் பிளாக்குக்குப் பிறகு சிறிது கன்வேயிங், பிறகு இரண்டாவது பிளாக் என்று வையுங்கள். முதல் பிளாக்கில் கட்டியாக இறுகும் ஈரம் இரண்டாவதில் பிழியப்பட்டுக் காய்ந்த பவுடருக்குப் போகும். கடைசியில் கட்டியை உடைக்கும் எலிமெண்ட் ஒன்று இருந்தால் 1.5 மி.மீ.க்கு மேற்பட்டது நன்றாகக் குறையும். டார்க் ஏறும், பேரல் ஜாக்கெட்டில் குளிர்நீர் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த பிவிபி. உலர் பவுடராகப் போட்டு, சில விநாடிக்குள் அது நனைந்து, கரைந்து, ஒட்டவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். பிவிபி வேகமாகக் கரையும் வகைதான், எச்பிஎம்சி என்ற பைண்டர் மாதிரி இழுத்தடிக்காது. ஆனாலும் கரைசலாகப் பம்ப் செய்தால் பைண்டர் முதல் விநாடியிலிருந்தே வேலை செய்யும், ஃபைன்ஸ் குறையும். கரைசலின் கெட்டித்தன்மையை நாசில் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_பேட்ச்

ஒரு எச்சரிக்கை. கேப்பிங் முழுவதையும் உலர்வின் தலையில் போட்டுவிட வேண்டாம். ஃபைன்ஸ் அதிகமாக இருந்தாலே டையில் (மாத்திரை அழுத்தப்படும் குழியில்) காற்று சிக்கிக்கொண்டு மேல்பகுதி கழலும், அது ஈரத்தோடு இருந்தாலும். காய்ந்த ஃபைன்ஸ் என்றால் இரண்டு காரணமும் ஒன்றாக வேலை செய்யும். பிரஸ்ஸில் ப்ரீ-கம்ப்ரஷனை (முக்கிய அழுத்தத்துக்கு முந்தைய லேசான அழுத்தம்) கொஞ்சம் ஏற்றி, டர்ரட் (பஞ்சுகளைத் தாங்கிச் சுழலும் தட்டு) வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். கேப்பிங் உடனே அடங்கினால் சிக்கிய காற்றுக்கும் பங்கு உண்டு என்று தெரியும்.

குருணைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. மூடி வைத்த பங்கும் உடனே கம்ப்ரஸ் செய்த பங்கும்: மூடி வைத்ததில் பஞ்ச் முகம் சுத்தமாக இருந்தது, உடனே செய்ததில் எழுத்துப் பள்ளங்களில் பவுடர் ஏறியிருந்தது. எல்ஓடி இரண்டிலும் ஒன்றே. எங்கள் கூட்டத்தில் இதை ஒரு படமாகக் காட்டியதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது நீடிங் பிளாக் போட்டு, பிவிபியைக் கரைசலாக்கி ஓட்டினோம். சல்லடையில் இரண்டு மேடும் நெருங்கி ஒன்றாகிவிட்டன என்றே சொல்லலாம். கேப்பிங் போய்விட்டது. பழைய_பேட்ச் சார் சொன்ன ப்ரீ-கம்ப்ரஷனும் உதவியது, அதையும் வைத்துக்கொண்டோம். ஸ்டிக்கிங் மட்டும் லைன் கிளம்பிய பின் முதல் சுற்றுச் செல்களில் இன்னும் வருகிறது. அதற்கப்புறம் இல்லை.

ஆறாவது_செல்

முதல் சுற்று என்றால் டிரையரின் இரும்பு குளிர்ந்திருக்கிறது. காற்று 60 டிகிரியில் வந்தாலும் அதன் வெப்பத்தில் ஒரு பங்கைச் சுவரும் தட்டும் வாங்கிக்கொள்கின்றன. காலி டிரையரைக் காற்று மட்டும் விட்டு முன்கூட்டியே சூடாக்குங்கள். நிறுத்துவதற்கு அடையாளமாக உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை வைக்காதீர்கள், அது உடனே 60-ஐத் தொட்டுவிடும். வெளியே போகும் காற்றின் வெப்பநிலை ஏறி நின்று அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது நிலைத்த பிறகுதான் முதல் குருணை.

இன்னும் ஒன்று: செல்லை நேரத்தை வைத்துக் காலி செய்கிறீர்களா, படுகை வெப்பநிலையை வைத்தா? வெட் பல்ப் நிலையிலிருந்து படுகை வெப்பநிலை ஏறத் தொடங்குவது தெளிவாகத் தெரியும். அதைப் பதிவில் வைத்துக்கொண்டால் எந்தச் செல் பிந்துகிறது என்று பிரஸ் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

குருணைக்காரர்

நேரத்தை வைத்துத்தான் காலி செய்கிறோம். படுகை வெப்பநிலை பதிவாகிறது, இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. பார்க்கிறேன்.

தரக்கண்

பார்க்கும்போது இதையும் கவனியுங்கள். ஸ்குரூ அமைப்பை மாற்றியிருக்கிறீர்கள். இரண்டாவது நீடிங் பிளாக் வந்ததும் பேரலுக்குள் பொருள் தங்கும் நேரமும் அது பரவும் விதமும் மாறிவிட்டன. உங்கள் கோளாறு ஒதுக்கும் லாஜிக் பழைய ட்ரேசர் அளவீட்டை (அடையாளப் பொருளைப் போட்டு அது எப்போது வெளியே வருகிறது என்று பார்ப்பது) வைத்து எழுதப்பட்டிருக்கும். தண்ணீர் பம்ப் 10 விநாடி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்: அந்த 56 கிராம் 224 மாத்திரை அளவுதான். ஆனால் ஸ்குரூவில் அது முன்னும் பின்னும் பரவும், பிறகு டிரையர் செல்லில் ஒரு கிலோவோடு கலந்துவிடும். ஒதுக்க வேண்டியது அந்தச் செல் முழுவதும், அதாவது சுமார் 4,000 மாத்திரை. நிகழ்வு செல் மாறும் தருணத்தில் வந்தால் இரண்டு செல். பொருளை ஒதுக்கித் திருப்பிவிடும் டைவெர்ட்டர் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது புது அளவீட்டிலிருந்து வர வேண்டும்.

பேட்சை எப்படி வரையறுத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். க்யூ13 வெளிவரும் அளவு, உள்ளே போகும் அளவு, குறிப்பிட்ட ஓட்ட வேகத்தில் ஓடும் நேரம் ஆகிய மூன்றையும் அனுமதிக்கிறது. ஓடும் நேரத்தை வைத்திருந்தால் முன்சூடாக்கும் நேரம் அதில் சேராது என்பதை மாஸ்டர் ரெக்கார்டில் தெளிவாக எழுதிவிடுங்கள். சாம்பிள் எடுக்கும் இடைவெளியையும் மாற்றுங்கள். இப்போது பல செல்லின் பொருளைச் சேர்த்து ஒரே சாம்பிளாக எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செல் எண்ணோடு தனித்தனியாக எடுங்கள்.

குருணைக்காரர்

ஆமாம், சேர்த்துத்தான் எடுக்கிறோம். செல் வாரியாக மாற்றச் சொல்லிச் சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கான முறையான கோரிக்கை) எழுதிக்கொண்டிருக்கிறேன். ட்ரேசர் சோதனையையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். முன்சூடாக்கி ஓட்டியதும் ஆறு செல்லின் படுகை வெப்பநிலை வரைபடத்தை இங்கே போடுகிறேன். மூன்றாவது செல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பிந்துவது போல இப்போதே தெரிகிறது. அதன் காற்றுத் தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.